தொண்டை நாட்டு மனைத்தோட்டமும் புற்றரையும்

1. ஆய்பொருள்

தமிழ்நாட்டு நகரங்களிலும் அவற்றை அடுத்த சிற்றூர்களிலும் இந்நாளில் எழும் புதுமனைகள் பலவற்றின் முன்றிலில் பசும்புற்றரை அமைத்தல் வழக்காகி வருகின்றது. இஃது ஆங்கிலேயர் கொணர்ந்த அயல் வழக்கென்று ஒதுக்குவார் உளர். பண்டைத் தமிழர் புல்லையும் பூவையும் போற்றியவராகலின் இது நம் பழமையே என்று மகிழ்வாரும் உளர். இவ்விரு கூற்றும் ஓரளவே உண்மையாகும். புற்றரைக்குரிய அறுகு இந்நாட்டில் தொன்றுதொட்டு வளர்வது. அதனைத் தனியே வளர்த்துக் கத்தரித்துப் பேணும் வழக்கமோ பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரவியது. எனினும், தோட்ட வரலாற்றை ஆராய்வார்க்கு இவற்றினும் இன்றியமையாத வினாக்கள் மூன்று உள. தோட்டத்திற்குப் பாய்ந்த நீர் யாருடையது? அதனை இறைத்த கை யாருடையது? அக்கைக்கு உணவும் உடையும் எங்கிருந்து வந்தன? இவ்வினாக்களைத் தொண்டை நாட்டுச் சான்றுகள் கொண்டு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்குக் காஞ்சிபுரமும் அதன் மேற்கே சென்னை – பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ள தாமலும் தக்க களங்களாம். தொண்டை மண்டலத்தின் இருபத்துநான்கு கோட்டங்களுள் ஒன்றற்குத் தன் பெயரை ஈந்த பழைமை தாமலுக்கு உண்டு. வராகீசுவரர் கோயிலும் தாமோதரப் பெருமாள் கோயிலும் இவ்வூரில் உள்ளன. ஊரை அடுத்துள்ள ஏரி காஞ்சிபுரம் மாவட்டத்துப் பேரேரிகளுள் ஒன்று. ஏரி, கோயில், நெசவு என்னும் மூன்றும் அணித்தணித்தே அமைந்த இந்நிலப்பரப்பில் தோட்டத்தின் வரலாறு தெளிவாகப் புலப்படுகின்றது.

2. ஊர்ப்பெயர்ச் சான்று

காஞ்சி நகரின் பெயர்களே அந்நகர் மரஞ்செடி கொடிகளோடு கொண்டிருந்த தொடர்பை உணர்த்துவன. காஞ்சி என்பது ஒரு மரத்தின் பெயர். ஏகம்பம் என்பது ஒற்றை மாமரத்தால் வந்த பெயரென்பது கோயில் மரபு. நகரின் ஒரு பகுதியில் விளக்கொளிப் பெருமாள் கோயில் கொண்டுள்ள இடம் திருத்தண்கா எனப்படும். தண்கா என்பது குளிர்ந்த சோலை என்று பொருள்படும். வேதாந்த தேசிகர் பிறந்ததாகக் கூறப்பெறும் தூப்புல் அவ்விடத்தைச் சார்ந்ததே. தூய புல்லாகிய தருப்பையால் அப்பெயர் எய்திற்று என்பர். செங்கழுநீர் ஓடை வீதி என்னும் தெருப்பெயர் காஞ்சியில் இன்றும் வழங்குகின்றது. மரம், சோலை, புல், நீர்ப்பூ என்னும் நான்கும் ஒரே நகரின் இடப்பெயர்களாக நிலைத்திருத்தல் நோக்கத்தக்கது.

சொல்வழக்கும் இதற்குத் துணை செய்கின்றது. இல்லத்தை ஒட்டிய தோட்டத்தைப் பண்டையோர் படப்பை என்றனர். அப்பெயருடைய ஊர் ஒன்று இம்மாவட்டத்தில் இன்றும் உள்ளது. கா, பொழில், தண்டலை, தோப்பு, கொல்லை, நந்தவனம் எனத் தோட்ட வகைகளைக் குறிக்கும் சொற்கள் பலவாம். இவற்றுள் படப்பையும் கொல்லையும் உண்பொருள் தருவன. தோப்பு கனியும் நிழலும் தருவது. நந்தவனம் வழிபாட்டிற்குப் பூத்தருவது. மிதித்து உலவுதற்கும் கண்டு மகிழ்தற்குமே புல்லை வளர்க்கும் இடத்திற்கு இவற்றைப்போல் வேரூன்றிய தனிச்சொல் இல்லை. புற்றரை என்னும் சொல் புல் முளைத்த தரையை மட்டுமே குறித்தது.

3. செப்பேடுகள் உணர்த்தும் தோட்ட உரிமை

பூஞ்செடி நடுதலும் கிணறு தோண்டுதலும் யாவர்க்கும் இயல்பாக உரிய செயல்கள் என்றே இன்று நாம் கருதுகின்றோம். பல்லவர், சோழர் காலச் செப்பேடுகள் இக்கருத்தைத் திருத்துகின்றன. ஓர் ஊரைக் கொடையாக அளிக்குங்கால் அரசர் அதனோடு சில உரிமைகளையும் எடுத்தோதி அளித்தனர். தமனகமும் மருவும் நட்டுக்கொள்ளலாம், செங்கழுநீர் நட்டுக்கொள்ளலாம், துரவும் கிணறும் தோண்டிக்கொள்ளலாம், சுட்ட செங்கல்லால் மாடமும் மாளிகையும் எடுக்கலாம் என்பன அவை. பல்லவர் ஆவணங்களில் குவளை நடுதற்குரிய காணம் என்னும் இறையும் காணப்படுகின்றது. சென்னைப் பல்கலைக்கழக ஆய்வறிஞராகிய சி. மீனாட்சி பல்லவர் ஆட்சியையும் சமூக வாழ்வையும் பற்றி 1938-இல் வெளியிட்ட நூலில் இத்தகைய இறைகளை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

எடுத்தோதி அளித்தனர் எனின், அளிக்கப்பெறாதார்க்கு அவ்வுரிமை இயல்பாக இல்லை என்பது பெறப்படும். நீர் பற்றிய விதிகள் இதனினும் கடுமையானவை. நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்திற்கு ஆனைமங்கலத்தை முதலாம் இராசராசன் அளித்த கொடையைக் கூறும் லெய்டன் பெருஞ்செப்பேடு சோழ நாட்டு ஆவணமாயினும், அதன் வாசகம் அக்கால ஆவண நடைக்குப் பொதுவானது. கொடை பெற்ற ஊரின் வாய்க்காலைப் பிறர் குறுக்கே வெட்டலாகாது என்றும், சிற்றேற்றம் இட்டும் கூடையால் இறைத்தும் அதன் நீரைக் கொள்ளலாகாது என்றும் அது விலக்குகின்றது. ஒரு கூடை நீருக்கும் உரிமையாளர் இருந்தனர் என்பது இதனால் விளங்கும். பூச்செடி ஒன்று அக்காலத்தே ஒருவன் கொல்லையில் தழைத்து நின்றதெனின், அச்செடிக்குப் பின்னே நீருரிமை ஒன்று நின்றது என்று நாம் கொள்ளல் வேண்டும்.

4. ஏரி வாரியமும் தோட்ட வாரியமும்

தொண்டை நாட்டில் தோட்டமும் ஏரியும் ஒரே ஆட்சிமுறையின் இரு கூறுகளாக இருந்தமைக்கு உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் சிறந்த சான்றாவன. காலியூர்க் கோட்டத்தைச் சார்ந்த அவ்வூரின் சபை, முதலாம் பராந்தகன் காலத்தில் கி. பி. 919-இலும் 921-இலும் செய்த வியவத்தைகள் குடவோலை முறையைக் கூறுவனவாக யாவரும் அறிந்தனவே. ஊர் முப்பது குடும்புகளாகப் பகுக்கப்பட்டது. கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் உடையவரும், தம் மனையிலே இல்லம் எடுத்து வாழ்பவருமே தேர்வுக்குரியர். அகவை எல்லை 921-ஆம் ஆண்டு வியவத்தையில் முப்பத்தைந்து முதல் எழுபது வரை ஆகும்.

இவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டோருள் பன்னிருவர் ஆட்டை வாரியத்திற்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்திற்கும், அறுவர் ஏரி வாரியத்திற்கும் அமர்த்தப்பட்டனர். தோட்ட வாரியத்தினர் எண்ணிக்கை ஏரி வாரியத்தினர் எண்ணிக்கையினும் இருமடங்காதல் கருதத்தக்கது. மேலும், தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் முன்னர்ப் பணி செய்தவர்களும், கல்வியாலும் முதுமையாலும் சிறந்தவர்களுமே ஆட்டை வாரியத்திற்குத் தகுதியுடையராகக் கொள்ளப்பட்டனர். தோட்டமும் ஏரியும் பேணிப் பழகிய அறிவு ஊராட்சிக்குப் பயிற்சியாகக் கருதப்பட்டது என்று இதனால் கூறலாம்.

வியவத்தைகள் தேர்தல் முறையை விரித்துரைக்கின்றனவே அன்றி ஒவ்வொரு வாரியத்தின் கடமையையும் வரையறுத்துக் கூறவில்லை. ஆயினும் அவ்வூர்ப் பிற கல்வெட்டுக்கள் ஏரி வாரியத்தின் பணியை ஒருவாறு தெளிவாக்குகின்றன. வைரமேகத் தடாகம் எனப்பட்ட அவ்வூர் ஏரியில் ஆண்டுதோறும் தூர் எடுத்தற்குப் பொன் முதலாக வைக்கப்பெற்றது. அதனை ஏரி வாரியத்தார் கைக்கொண்டு பணி நடத்தினர். இச்செய்தி தோட்ட வரலாற்றிற்கும் உரியது. தூர் எடுத்த ஏரியே கோடையில் கிணற்றுக்கு ஊற்றுத் தரும். எடுத்த வண்டல் வயலுக்கும் தோட்டத்திற்கும் எருவாகும்.

இம்முறையின் மறுபக்கத்தையும் நாம் மறைத்தல் கூடாது. வாரியத்தில் அமர்ந்தோர் நிலமும் மனையும் உடைய அந்தணரே. தோட்டத்தில் மண் கொத்தினோரும் ஏரியில் சேறு அள்ளினோரும் குடவோலையில் பெயர் எழுதப்பெறாதவர். தோட்டத்தை ஆள்வோரும் தோட்டத்தில் உழைப்போரும் வேறு வேறாதல் புற்றரையோடு வந்த புதுமையன்று என்பதனை இக்கல்வெட்டுக்களே காட்டுகின்றன.

5. நந்தவனக் குடிகள்

உழைத்தோரைப் பற்றிச் சிறிதேனும் பேசுவன கோயிற் கல்வெட்டுக்களே. காஞ்சி அருளாளப் பெருமாள் கோயில் உள்ளிட்ட தொண்டை நாட்டுக் கோயில்கள் பலவற்றில் திருநந்தவனத்திற்கு நிலம் விட்ட செய்திகள் காணப்படுகின்றன. இக்கொடைகளில் பூந்தோட்டத்திற்குரிய நிலம் ஒன்றாகவும், அதில் பணி செய்வார் வாழ்தற்குரிய விளைநிலம் வேறொன்றாகவும் குறிக்கப்படுதல் பெருவழக்கு. பின்னது திருநந்தவனப்புறம் எனப்படும். பணியாளர் ஒருவர்க்கு நாள்தோறும் அளக்கும் நெல் இவ்வளவு என்றும், ஆண்டுக்கு உடைக்கு ஈயும் காசு இவ்வளவு என்றும் வரையறுத்த கல்வெட்டுக்களும் உள. கொடையாளி தாம் இறந்த பின்னும் செடி வாடாதிருத்தல் வேண்டும் என்று கருதினார். கருதியவர் செடிக்கு மட்டுமன்றி, நீர் இறைப்பான் வயிற்றுக்கும் வழி செய்தார்.

வைணவ மரபுச் செய்திகளும் தோட்டத் தொண்டினைச் சிறப்பிக்கின்றன. பெரியாழ்வாரும் தொண்டரடிப்பொடியாழ்வாரும் நந்தவனம் அமைத்தோராகவே போற்றப்படுகின்றனர். பூவிருந்தவல்லியில் பிறந்த திருக்கச்சி நம்பிகள் அங்கே தோட்டம் வளர்த்துக் காஞ்சிப் பெருமாளுக்கு மலர் கொணர்ந்தார் என்பது வழிவழிச் செய்தி. இராமானுசர் ஏவலால் திருமலையில் நந்தவனம் அமைத்த அனந்தாழ்வான் மண்சுமக்க, கருவுற்றிருந்த அவர் மனைவியாரும் உடன் சுமந்தார் என்ற வரலாறும் வழங்குகின்றது. இவ்வரலாறுகளில் அடியார் தாமே மண்வெட்டியும் குடமும் ஏந்துதல் காண்கின்றோம். எனினும் அடியார் செய்த தொண்டு பாட்டிலும் வரலாற்றிலும் ஏறிற்று. நெல்லளந்து பெற்ற குடிகளின் உழைப்பு கணக்கில் மட்டும் நின்றது.

6. தாமல் ஏரியும் வீட்டுக் கொல்லையும்

இனி, கோயிற்றோட்டத்தை விடுத்து வீட்டுத் தோட்டத்தை நோக்குவோம். பாலாற்றுப் படுகையைச் சார்ந்த இந்நிலத்தில் ஆற்றுநீர் ஆண்டின் சின்னாட்களிலேயே ஓடுவது. ஆதலின் ஓடும் நாளில் பிடித்து நிறுத்துவதே வாழும் வழியாயிற்று. மகேந்திரவாடியில் முதலாம் மகேந்திரவர்மன் பெயரால் அமைந்த மகேந்திர தடாகமும், காஞ்சிக்கு அணித்தான கூரத்தில் முதலாம் பரமேசுவரவர்மன் பெயரால் அமைந்து, பாலாற்றினின்று பெரும்பிடுகு வாய்க்காலால் நீர் பெற்ற பரமேசுவர தடாகமும் பல்லவர் தொடங்கிய இப்பணிக்குச் சான்றுகள். தாமல் ஏரியும் இத்தகைய ஏரிகள் நிரம்பிய நிலப்பரப்பிலேயே அமைந்துள்ளது.

ஏரியின் பயன் மதகின் வழியே வயலுக்குப் பாயும் நீரோடு முடிவதில்லை. தேங்கிய நீர் மண்ணுள் இறங்கிக் கரையின் கீழ்ப்பக்கத்துக் கிணறுகளில் ஊற்றாகின்றது. ஏரி நிரம்பிய ஆண்டில் கொல்லைக் கிணற்றில் கயிறு குறுகும். வறண்ட ஆண்டில் நீளும். இம்முறையில் கொல்லையின் பசுமை ஏரிக்கரையின் உறுதியைப் பொறுத்தது. கரையைக் காக்கும் குடிமராமத்து என்னும் பொதுப்பணி ஊர் வழக்காக இருந்தது. அவ்வழக்கம் தளர்ந்த நிலையில் 1858-ஆம் ஆண்டுச் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் அதனைத் தண்டனைக்குரிய கடமையாக்கிற்று. ஒரு காலத்தே மானியநிலமும் ஊர்க்கட்டுப்பாடும் செய்வித்த பணியைப் பின்னர்ச் சட்டம் செய்விக்க முயன்றது. முன்போல் அது நடைபெறவில்லை. தமிழ்நாடு அரசு 2017-இல் குடிமராமத்து என்னும் அப்பழம்பெயராலேயே ஒரு திட்டம் தொடங்கியதும், ஏரி வண்டலை உழவர் கட்டணமின்றி எடுக்க இசைந்ததும் இவ்வரலாற்றின் தொடர்ச்சியாம்.

கொல்லையின் அமைப்பு வெப்பமும் ஈரமும் மிகுந்த இக்காலநிலைக்கு ஏற்றது. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகைத் திங்களை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில் பொழிகின்றது. ஆடி, ஆவணியில் இடையிடையே மழை உண்டு. பங்குனி முதல் ஆனி வரை கடுவெயில். ஆகவே ஆடிப்பட்டத்தில் அவரை, புடல், பீர்க்கு, பாகல் ஆகியவற்றை ஊன்றிப் பந்தரில் ஏற்றுவர். அவை ஐப்பசிப் பெருமழைக்கு முன்னரே வேர்பிடித்துவிடும். தாழ்நிலத்தில் வேர் அழுகாதிருக்கப் பாத்தியை உயர்த்தி, வடிகால் விடுவர். முருங்கையைப் போத்து நட்டு வளர்த்துக் காய்ப்பு ஓய்ந்ததும் கவாத்துச் செய்வர். வாழை, பாத்திரம் கழுவிய நீர் சென்று சேரும் இடத்தில் நிற்கும். கருவேப்பிலை கிணற்றடியில் நிற்கும். தொழுவெருவும் அடுப்புச் சாம்பலும் உரமாகும். உதிர்ந்த சருகு மண்ணை மூடி ஈரம் காக்கும். ஒருமுறை பயன்பட்ட நீரே மறுமுறை செடிக்குப் பாய்தலின், இக்கொல்லைக்கென்று தனியே இறைக்கும் நீர் மிகச் சிறிதாம்.

காஞ்சியின் நெசவாளர் தெருக்களில் இவ்வமைப்பிற்கு மற்றொரு காரணமும் உண்டு. வீட்டின் முன்னுள்ள தெருவே பாவு நீட்டுதற்குரிய தொழிற்களம். வைகறையில் தெருவின் நீளத்திற்குப் பாவு விரிந்து நிற்கும். அங்கே செடிக்கும் புல்லுக்கும் இடமில்லை. வீட்டினுள்ளே தறி பகல் முழுதும் ஒருவரைப் பிணித்து வைக்கும். எனவே தோட்டம் பின்புறத்ததாயிற்று. அதனைப் பேணுதல் பெரிதும் பெண்டிர் பணியாயிற்று. பட்டுக்குப் பேர்பெற்ற நகரில் குடம் சுமந்து மல்லிகையும் முருங்கையும் வளர்த்த அவர் உழைப்பிற்கு நெல்லளவும் இல்லை, காசளவும் இல்லை. ஆதலின் எந்தக் கல்வெட்டும் அதனைக் குறிக்கவில்லை.

7. புற்றரையின் வருகை

புற்றரை வந்த வழி வேறு. சென்னையில் பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கில வணிகரும் அலுவலரும் கோட்டைக்குப் புறத்தே விரிந்த நிலங்களில் தோட்ட வீடுகள் எடுத்தனர். மருத்துவராகிய சேம்சு ஆண்டர்சன் அந்நூற்றாண்டின் இறுதியில் சைதாப்பேட்டைப் பக்கத்தில் அமைத்த தோட்டம், செஞ்சாயம் தரும் பூச்சியை வளர்த்தற்குரிய கள்ளிகளை நட்டு ஆராய்ந்த பயன்நோக்குத் தோட்டமாகும். 1835-இல் சென்னை வேளாண் தோட்டக்கலைச் சங்கம் தோன்றிய பின்னர், அழகுக்காகச் செடி வளர்த்தல் மேன்மக்களிடையே முறையான கலையாக வளர்ந்தது. தேனாம்பேட்டையை அடுத்து அச்சங்கம் தோட்டம் அமைத்தது. பின்னர் வழக்குகளுக்கும் உரிமை மாற்றத்திற்கும் உள்ளாகிய அப்பகுதியிலேயே அரசின் செம்மொழிப் பூங்கா 2010-இல் திறக்கப்பெற்றது.

புல்லைச் சீராகக் கத்தரிக்கும் எந்திரம் இங்கிலாந்தில் 1830-இல் தோன்றியது. அதனைப் படைத்த எட்வின் பட்டிங் என்பார் கம்பளித் துணி ஆலைகள் மிகுந்த சிட்ரவுடு பள்ளத்தாக்கினர். நெய்த கம்பளியின் மேல் எழும் மயிரைச் சமமாகக் கத்தரிக்கும் உருளைக் கத்தியைக் கண்டு, அதே முறையைப் புல்லுக்குப் பயன்படுத்தினார். துணியின் முகத்தைச் செப்பஞ்செய்த கருவியே தரையின் முகத்தைச் செப்பஞ்செய்யும் கருவியாயிற்று என்பது நெசவூரார்க்குச் சுவை பயக்கும் செய்தியாம். அதற்கு முன் அரிவாளால் பலர் அரிய வேண்டியிருந்த புற்றரை, பெருஞ்செல்வர்க்கே உரியதாயிருந்தது. எந்திரம் வந்தபின் நடுத்தர மனைக்கும் இயல்வதாயிற்று.

இங்கிலாந்தின் குளிரிலும் தூறலிலும் தானே பசுமை மாறாது நிற்கும் புல்வகைகள் சென்னை வெயிலில் நில்லா. எனவே இங்கு வந்தோர் தம் நாட்டுப் புல்லை விடுத்து, தம் குதிரைக்கு நாள்தோறும் புல்லறுப்போர் செதுக்கிக் கொணர்ந்த அறுகையே புற்றரைக்கு மேற்கொண்டனர். ஆக, புல் நம்முடையது, வடிவம் அவர்களுடையது, கை மீண்டும் நம்மவருடையது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நந்தவனக் குடியின் வாழ்வு நிலத்தோடு பிணைந்து தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. தோட்டக்காரரின் வாழ்வு துரையின் மாதச் சம்பளத்தோடு பிணைந்தது. துரை வேற்றூர்க்கு மாறினால் பூந்தொட்டிகள் ஏலம் போயின, புற்றரை காய்ந்தது. முன்னைய முறையில் உறுதி இருந்தது, உரிமை குறைவு. பின்னைய முறையில் விட்டு நீங்கும் உரிமை இருந்தது, உறுதி இல்லை.

8. அறுகின் இயல்பும் வளர்ப்பும்

அறுகு தமிழர் வாழ்வில் இருவேறு நிலையுடையது. விநாயகர் வழிபாட்டிற்கு உரியதும், மணமக்கள் ஆல்போல் தழைத்து அறுகுபோல் வேரூன்றுமாறு வாழ்த்துதற்கு உவமையானதும் அதுவே. புன்செய் உழவர்க்கோ அது கொடிய களை. கணுதோறும் வேர்விட்டுப் படர்வதால் கோடை உழவு செய்து, வேரை வெயிலில் காயவைத்தே அதனை ஒடுக்குவர். வாழ்த்துக்கும் வசைக்கும் காரணம் ஒன்றே: அழியாது படரும் அதன் ஆற்றல்.

இவ்வாற்றலின் அடிப்படையை இக்கால அறிவியல் விளக்குகின்றது. கரும்பில் காணப்பட்ட தனிவகை ஒளிச்சேர்க்கை முறையை 1966-இல் ஆத்திரேலியாவில் ஹாட்ச், சிலாக் என்னும் இருவர் விளக்கினர். அறுகும் அவ்வகையினதே. கடுவெயிலில் குறைந்த நீரைச் செலவிட்டுக் கரியமில வளியை உணவாக்க இம்முறை உதவும். அதனால் அறுகு வெயிலை விரும்பும், நிழலைப் பொறாது. மாமரத்தடியில் அறுகம்புற்றரை நிலைக்காமைக்குக் காரணம் தோட்டக்காரரின் சோம்பல் அன்று, புல்லின் இயற்கையே.

புற்றரை அமைப்போர் கைக்கொள்ளும் முறையைச் சுருங்கக் கூறுவாம். கோடையில் நிலத்தை ஒரடி ஆழம் கொத்திக் காயவிடுதல் வேண்டும். கோரைக்கிழங்கு ஒன்று எஞ்சினும் அது பலவாய்ப் பெருகுமாதலின், முதல் மழைக்கு முளைத்தவற்றைக் கண்டு மீண்டும் ஒருமுறை கொத்திப் பொறுக்குவர். மட்கிய தொழுவெரு கலந்து, நீர் தேங்காதவாறு சிறு சரிவு விட்டுச் சமன் செய்வர். ஆடி மழையை ஒட்டி, வேருள்ள அறுகுத் துண்டுகளை மூன்று நான்கு விரற்கிடையில் ஊன்றுவர். அல்லது நறுக்கிய அறுகைச் சாணமும் செம்மண்ணும் நீரும் கலந்து குழைத்து, நனைந்த நிலத்தில் மெழுகுவதுபோற் பரப்புவர். பெருமழைக்கு முன் புல் வேர்பிடித்துவிடின் மண் கரையாது. மழைக்காலத்தில் அடிக்கடி கத்தரித்தலும், ஒரே முறையில் ஒட்டக் கத்தரியாமையும் நன்று. ஈரக்காற்று மிகுந்த இந்நாட்டில் இரவெல்லாம் இலை நனைந்திருப்பின் பூசண நோய் பற்றுமாதலின், காலையில் நீர் விடுதலே தக்கது. நாள்தோறும் சிறிது தெளித்தலினும் இடைவிட்டு ஆழ நனைத்தல் வேரைக் கீழே செலுத்தும்.

9. நீர்க் கணக்கு

இங்கு நாம் முதலில் எழுப்பிய வினாவிற்கு மீள்கின்றோம். கோடையில் பசுமையாக வைக்கப்பெறும் புற்றரை நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் உயரத்து நீரை ஆவியாக வெளியிடும் எனக் கொள்வோம். 100 சதுர மீட்டர்ப் புற்றரைக்கு அஃது 500 லிட்டர் ஆகும். 15 லிட்டர் கொள்ளும் குடத்தால் சுமப்பதாயின் நாளொன்றுக்கு முப்பத்துமூன்று குடங்களுக்கு மேல் வேண்டும். மின் எக்கி வந்தபின் இச்சுமை தோளினின்று நீங்கிற்று. நீரின் அளவு குறைந்திலது. குடம் சுமந்தவர் அளவறிந்து ஊற்றினார். எக்கியின் விசையைத் தட்டுவோர்க்கு அவ்வளவு புலப்படுவதில்லை. எக்கி இழுக்கும் நீர் அயலவர் கிணற்றுக்கும் உரிய ஊற்றே ஆகும்.

இக்கணக்கின் பொருளை 2019-ஆம் ஆண்டுக் கோடை யாவர்க்கும் உணர்த்திற்று. அவ்வாண்டு ஆனித் திங்களில் சென்னைக்கு நீர்தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வற்றின. குடிநீருக்கே மக்கள் குடத்துடன் நிரையில் நின்றனர். அத்தகைய நாளில் ஒரு மனையின் முன்றில் பசுமையாக இருப்பின், அப்பசுமைக்கு யாருடைய குடம் வெறுமையாயிற்று என்ற வினா தானே எழும். பழைய செப்பேடு கூடைநீருக்கும் உரிமை வரைந்ததன் கருத்து, வறட்சியை அறிந்தோர் வகுத்த விதி என்ற அளவில், நமக்கு இன்று நன்கு விளங்குகின்றது.

அறுகின் இயல்பு இதற்கு ஒரு வழியும் காட்டுகின்றது. நீர் இல்லாக் கோடையில் அறுகு இலை பழுத்துக் காயினும் வேர் எளிதில் சாவதில்லை. முதல் மழைக்கு மீண்டும் தளிர்க்கும். வைகாசியில் பழுப்பாகவும் ஐப்பசியில் பசுமையாகவும் இருத்தலே இந்நாட்டுப் புற்றரையின் இயற்கை. ஆண்டு முழுதும் பச்சை மாறாதிருத்தல் வேண்டும் என்னும் எண்ணமே இங்கிலாந்தினின்று வந்தது. மிகுந்த நீரைக் கேட்பதும் அவ்வெண்ணமே.

10. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. தொண்டை நாட்டில் தோட்டம் என்பது நிலமும் நீரும் உழைப்பும் சேர்ந்த ஓர் ஏற்பாடு. பல்லவர், சோழர் ஆவணங்கள் நீருரிமையை வரைந்தன; உத்தரமேரூர்ச் சபை ஏரிக்கும் தோட்டத்திற்கும் ஒருங்கே வாரியம் கண்டது; நந்தவனக் கொடைகள் செடியோடு உழைப்பாளிக்கும் முதல் வைத்தன. அம்முறையில் உரிமை சிலர்க்கே இருந்தது. அதனை அவ்வாறே மீட்டல் இயலாது, வேண்டுவதுமன்று. ஆயினும் நீருக்கும் கைக்கும் வழி வகுத்த பின்னரே தோட்டம் தொடங்கிய முறைமை போற்றத்தக்கது.

புற்றரை அயலது என்று வெறுத்தலும், பழமையது என்று புகழ்தலும் அதன் நீர்க்கணக்கை மாற்றா. அறுகு நம் மண்ணின் புல். ஏரி நிரம்பிய ஆண்டில் அதனை வளர்த்து மகிழ்தல் குற்றமன்று. கோடையில் அதனைக் காயவிடுதலும், பயன்பட்ட நீரையே கொல்லைக்குத் திருப்புதலும், தோட்டத்தில் உழைப்பவர்க்கு நிலையான ஊதியம் வரையறுத்தலும் அதனை வளர்ப்போர் கடமைகள். தாமல் போன்ற பேரேரிகளின் கரையும் மதகும் வரத்துக்காலும் செவ்வனே இருப்பின் கொல்லைக் கிணறு ஊறும். கிணறு ஊறின் அவரையும் மல்லிகையும் தழைக்கும். எஞ்சிய ஈரத்தில் அறுகும் படரும். ஏரியைத் தூர்க்கவிட்டு முன்றிலைப் பசுமையாக்க முயல்வது வேரை வெட்டிவிட்டு இலைக்கு நீர் தெளிப்பதாகும். தொண்டை நாட்டுத் தோட்டங்களைப் பற்றி மேலும் ஆராய்வோர், கொடையாளியின் பெயரோடு நில்லாது, நெல்லளந்து பெற்ற குடிகளைக் குறிக்கும் கல்வெட்டு வரிகளையும் ஊர்தோறும் தொகுத்தல் வேண்டும். தோட்ட வரலாற்றின் பெரும்பகுதி அவ்வரிகளிலேயே அடங்கிக் கிடக்கின்றது.